காபன் தாளுக்குள் இருந்த விண்ணப்பம்

சென்ற வாரம், தம்பிராசா வீட்டில் சமைத்த சோற்றுப் பானையை ஒருவரும் திறக்காமல் படுக்கப் போனதோடு விட்டிருந்தோம். ஏன் திறக்கவில்லை என்று மறந்தவர்களுக்காக நாலு வரி.

தம்பிராசாவின் ஒரே மகள் தவமலர். இருபத்தைந்து வயது. திருகோணமலையில் அனுமதிப் பத்திரம் எழுதுகிற கந்தோரில் இலிகிதர். தோப்பூர் கமக்காரர் அபூதாஹிர் யூரியா கொண்டுபோக அனுமதி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் அவளுடைய மேசைக்கு வந்த பிறகு காணாமல் போய்விட்டது. சண்டைக் காலத்தில், குண்டு செய்யவும் உதவும் என்று ஆமி சந்தேகப்படுகிற யூரியா உரத்தை நினைத்தபடி கொண்டுபோக ஏலுமா? கடதாசி இல்லாமல் ஒரு மூட்டைகூட தோப்பூர்ப் பக்கம் போகிற மூதூர் லோஞ்சுப் படகில் ஏறாது. நாலு கிழமை அலைந்த மனிதர் கடைசியில் மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டுவிட்டார். இன்று காலை பத்து மணிக்கு விசாரணை.

தவமலர் ஐந்தரைக்கே எழும்பிவிட்டாள். ஊற்றிய தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலில் வைத்தாள். பிறகு அதைத் தேடினாள். காணவில்லை என்று இன்னொன்று ஊற்றி, அதைத் தையல் மெசினில் வைத்தாள். ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவள், அடையாள அட்டையை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தாள். அட்டையை எடுக்க வந்த இடத்தில் குடையை வைத்துவிட்டுப் போனாள். மார்கழி மழை சும்மா விடுமா? மறுபடியும் வந்தாள்.

"அப்பா, நான் அந்தக் கடதாசியை எங்கயோ வைச்சிட்டன். எங்க எண்டுதான் வருகுதில்லை. தேடித் தேடி என்ர தலையே அலுத்துப்போச்சு."

"பத்து மணிக்குத்தானே பிள்ளை விசாரணை? கொஞ்சம் இரு. நான் உங்கட கந்தோர் ஆனந்தராசாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன். அவன் எனக்குக் கீழ வேலை செய்தவன்தானே."

"பத்து மணி மட்டும் சும்மா இருக்க ஏலாதப்பா. நெஞ்சு வெடிச்சிடும்."

சொல்லிக்கொண்டே போய்விட்டாள். வாசல் கேற் திறந்தபடி கிடந்தது.

தம்பிராசா பெருமூச்சு விட்டார். முப்பத்துநாலு வருஷம் கந்தோரில் இருந்து பிரதம இலிகிதராகப் பென்சன் எடுத்தவர். ஒரு கடதாசி தவறியது என்று ஒருவரும் அவரைக் கைநீட்டிச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள் என்று ஊர் சொல்லிச் சிரித்தது. அவரும் மனதுக்குள் பல தடவை சொல்லியிருக்கிறார். அதை மறைப்பானேன்?

இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு டொக்டரிடம் அவளைக் காட்டினார்கள். டொக்டர் இரண்டு மணித்தியாலம் அவளோடு கதைத்துவிட்டு, ஏ.டி.எச்.டி. என்று நாலு எழுத்தை எழுதிக் காட்டினார்.

"இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. இவவின்ர மூளை வேலை செய்யிற விதம் வேறை. கதிரையில இருத்திப் பட்டியல் எழுதவிட்டால் இவவும் துலைஞ்சு போவா, பட்டியலும் துலைஞ்சு போகும். ஓடித் திரிஞ்சு, ஆக்களோட கதைச்சு, அந்தந்த நேரத்திலயே முடிக்கிற வேலையில விட்டுப் பாருங்கோ. வேலையைத் தெரிவு செய்யேக்க அவவையும் கேளுங்கோ."

ரெயிலில் திரும்பி வரும்போது தவமலர் வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, என்னில பிழை இல்லையாம்! கேட்டனீங்களே?"

"கேட்டனான். வெளியில சொல்லிப்போடாதை. நாளைக்கு உனக்குக் கலியாணம் பேச ஏலாது."

அதோடு அவள் சிரிப்பு நின்றது. டொக்டரின் துண்டு தம்பிராசாவின் பென்சன் பைலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம் அவள் ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்து, உப்புவெளிப் பக்கம் இருந்த அகதி முகாமில் ஆறு மாதம் வேலை செய்தாள். முந்நூறு குடும்பம். தண்ணீர் பவுசர் வந்தால் அடிபிடிப்படுகிற சனத்தை, ஒருத்தரையும் ஏசாமல், ஓடி ஓடி வரிசையில் விட்டவள் அவள். எந்தக் கொட்டிலில் கைக்குழந்தை, எந்தக் கொட்டிலில் நடக்க ஏலாத கிழவர் என்று ஒரு கொப்பியும் பாராமல் சொல்வாள். குச்சவெளிப் பக்க முகாம்களுக்குப் பொறுப்பாக வரச்சொல்லி நிறுவனத்தாரே கேட்டார்கள். தம்பிராசா சம்மதிக்கவில்லை.

"மூண்டு மாசக் கொந்தராத்து. பென்சனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏலாது."

மறுப்புக் கடிதத்தைத் தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதினார். அவள் கீழே ஒப்பம் வைத்தாள். பிறகு ஆனந்தராசாவைப் பிடித்து, தை மாதம் அவளைக் கந்தோர்க் கதிரையில் இருத்தினார்.

இருத்தினால் போதுமா? மேசையில் கடதாசி குவிந்தது. அப்போதுதான் தம்பிராசா அந்த யோசனைக்கு வந்தார். "நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை பிள்ளை. பின்னேரம் வரேக்க கடதாசிக் கட்டை வீட்டை கொண்டு வா." பதினொரு மாதமாக, பின்னேரங்களில், மகளுடைய பட்டியலை எல்லாம் அவரே மூன்று பிரதியாக எழுதினார். அவள் காலையில் கொண்டுபோய் வைத்தாள். கந்தோர்க் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவரைவிடத் தெரிந்தவர் திருகோணமலையில் இல்லை. என்றாலும் செய்தார். பிள்ளைக்காகத்தானே என்று செய்தார். பேனையைத் திரும்பவும் பிடித்ததில் அவருக்கே ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மட்டும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகள் போன பிறகு ஆனந்தராசாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். "என் மகள் சிறு வயது முதலே மறதிக் குணம் உள்ளவள். இம்முறை மட்டும் மன்னித்து…" வசனம் நன்றாகத்தான் வந்தது. தனக்கு ஒரு பிரதி வைத்திருப்போம் என்று காபன் பெட்டியைத் திறந்தார்.

பழைய காபன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்தார். நடுவில் நீலக்கறை பிடித்த மெல்லிய கடதாசி ஒன்று வழுகி மேசையில் விழுந்தது.

அ. அபூதாஹிர். தோப்பூர். நாலு ஏக்கர். யூரியா ஆறு மூட்டை.

ஐயோ கடவுளே.

எப்படி நடந்தது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கார்த்திகை முதல் கிழமை ஒரு பின்னேரம் மின்சாரம் போனது. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே காபனோடு சேர்த்து அள்ளிப் பெட்டிக்குள் வைத்தவர் அவர்தான். இந்தக் கடதாசியில் அதற்குப் பிறகு மகளின் கை படவேயில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு மெல்ல ஒரு நினைப்பு வந்தது. பிள்ளைக்கு எப்படியும் பேர் கெட்டுப்போய்விட்டது. இப்போது உண்மையைச் சொன்னால், கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றமும் சேரும், உத்தியோகமே போய்விடும். இது இல்லாமல் போனால்? ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். அவளுடைய நன்மைக்குத்தானே?

இப்படித்தான் பாருங்கள், மனிதர் எதைச் செய்தாலும் மகளுடைய நன்மைக்கே செய்தார்.

குசினிக்குப் போனார். மனைவி கமலேஸ்வரி சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்புப் பக்கம் குனிந்ததுதான் தாமதம், நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அடுப்புக்குள்ள என்ன போடப் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. பழைய கடதாசி."

"பழைய கடதாசியை ஏன் முதுகுக்குப் பின்னால மறைக்கிறியள்? காட்டுங்கோ."

மீன் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். தம்பிராசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கிடந்தது?"

"என்ர காபன் பெட்டிக்குள்ள."

கமலேஸ்வரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலு நாளா என்ர பிள்ளை தன்ர தலையில தானே அடிச்சுக்கொண்டு திரியுறாள். அலுமாரிக்குக் கீழ படுத்துத் தேடினாள். நீங்களும் பக்கத்தில நிண்டு 'வடிவாத் தேடு' எண்டு சொன்னியள்."

"எனக்குத் தெரியாது கமலம். சத்தியமா இப்பத்தான் கண்டனான்."

"அது தெரியுது. இப்ப அடுப்புக்குள்ள போட வந்தது தெரியாமலோ?"

அவள் கடதாசியை மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தாள். மீன் மணக்க மணக்க வைத்தாள்.

"போங்கோ. பத்தாகிறதுக்கு முன்னம் போய்ச் சொல்லுங்கோ."

போகிற வழியில் சந்தியில் சோதனை. சைக்கிளை விட்டு இறங்கி வரிசையில் நின்றார். சட்டைப் பையைத் தடவிய ஆமிக்காரப் பொடியன் கடதாசியை எடுத்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்த யூரியா என்ற ஒரு சொல்லைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. மழைக்குள் தள்ளி நிற்கச் சொன்னான். தம்பிராசா தனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களம் முழுவதையும் சொல்லி மன்றாடினார். அவனுடைய பெரியவன் வந்து, அடையாள அட்டையைப் பார்த்து, இது ஏன் உன்னுடைய பைக்குள் என்று கேட்டான்.

"நான் எடுத்து வைச்சு மறந்துபோனன், ஐயா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்! முன்பின் தெரியாத ஆமிக்காரனிடம் சொல்ல முடிந்ததைச் சொந்த மகளிடம் சொல்லத்தான் மனம் துணியவில்லை. அவர்கள் விடும்போது பதினொன்றுக்குக் கிட்ட.

கந்தோர் வாசலில் தவமலர் இல்லை. வாங்கில் அபூதாஹிர் இருந்தார். சாரனை மடித்துக் கட்டி, மழையில் நனைந்த தொப்பியை முழங்காலில் காயவைத்துக்கொண்டு இருந்தவர், தம்பிராசாவைக் கண்டதும் எழும்பினார்.

"ஐயா, மகளுக்குத் தீமை செய்யணும் எண்டு நான் பெட்டிசம் எழுதல்ல. வயல் மஞ்சளிச்சுப் போய்க் கிடக்கு. வேற வழி தெரியல்ல எனக்கு."

"விசாரணை முடிஞ்சுதோ?"

"என்ன விசாரணை? புள்ள எட்டு மணிக்கே வந்து, விசாரணை ஒண்டும் வேணாம், நான்தான் தொலைச்ச எண்டு எழுதிக் குடுத்திட்டு. புறகு என்னக் கூட்டிக்கிட்டுப் புது விண்ணப்பம் எழுதி, அந்த மேசை, இந்த மேசை, மேல் மாடி எண்டு ஓடி, ஆமிக் காம்பு வாசல்ல ஒரு மணித்தியாலம் மழைக்க நிண்டு சீலும் வாங்கிட்டு வந்திட்டு. ரெண்டு கிழமை வேலை, ஐயா! மூணு மணித்தியாலத்தில முடிச்சிட்டு. இந்தப் புள்ளையையா எழுத விட்டு வெச்சிரிக்கீங்க?"

"பயிர் தப்புமோ?"

"பாதி தப்பும். அல்லாஹ் தந்தா அதுக்கு மேலயும் தப்பும். மகள் ஜெட்டிக்குப் போயிட்டு. மூட்டை ஏத்துது. மூதூர்ல சோதனைக்குக் கந்தோர் ஆள் ஒராள் வரணும் எண்டு பெரியவர் சொல்லிட்டார். நீ பிழை செஞ்சாய், நீயே போய் முடி எண்டு அவவத்தான் அனுப்புறார். நானும் போகணும், லோஞ்ச் எடுக்கப் போறானுகள்."

இருவருமாக ஜெட்டிக்கு விரைந்தார்கள். வாடைக் கடல் குமுறிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த லோஞ்ச் ஏறி இறங்கியது. தவமலர் நனைந்த தலையோடு நின்று மூட்டைகளுக்கு மேலே படங்கை இழுத்து மூடுவித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கயிறு பிடிக்கிறவனுக்குக் காட்டி, மறுபக்கம் திரும்பி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இருக்க இடம் விடச்சொல்லி, அதற்கிடையில் சோதிக்க வந்த நேவிக்காரனிடம் அனுமதிப் பத்திரத்தை நீட்டினாள். அவள் கையில் ஒன்றும் தவறவில்லை. எதையும் அவள் மறக்கவில்லை. தம்பிராசா இதைப் பார்த்ததேயில்லை. முகாமுக்கு ஒருநாளாவது போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்பா! மழைக்குள்ள ஏன் வந்தனீங்கள்? நான் ஒப்பம் வைச்சிட்டன். இனி ஒண்டும் யோசியாதேங்கோ."

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டினார். மழை பட்டு நீலக்கறை இன்னும் பரவியது.

அவள் பார்த்தாள்.

"எங்க இருந்தது?"

"என்ர காபன் பெட்டிக்குள்ள. நான்தான் பிள்ளை, நீ இல்லை. நான் வைச்சிட்டு மறந்துபோனன்."

பிறந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம் அசையாமல் நின்றறியாத பிள்ளை, அசையாமல் நின்றாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வடிவா ஞாபகம் இருந்ததப்பா," என்றாள் கடைசியில். "உங்கட மேசையில வைச்சனான் எண்டு ஞாபகம் இருந்தது. ஆனா நீங்கள் துலைக்க மாட்டியள்தானே? அப்ப என்ர ஞாபகம்தான் பிழை எண்டு நினைச்சன்."

தம்பிராசா கண்ணாடியில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்தார்.

"அப்பா, இன்னொண்டு கேக்கட்டே? ஆவணி மாசம் துலைஞ்ச ரெண்டு பைல். கந்தோரில எல்லாருக்கும் முன்னால ஏச்சு வாங்கினனே. பிறகு என்ர பைக்குள்ளயே கிடந்தது. என்ர பைக்குள்ளயே வைச்சுக்கொண்டு தேடியிருக்கிறன், நான் என்ன பிறவி எண்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தன்." அவள் நிமிர்ந்தாள். "அதை என்ர பைக்குள்ள ஆர் வைச்சது?"

லோஞ்ச் கூவியது. அபூதாஹிர் மேலே நின்று கையசைத்தார்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஒரு சொல் போதும்.

"நான்தான்," என்றார் தம்பிராசா. "என்ர பென்சன் பைலுக்குள்ள மாறி வைச்சிட்டன். சொல்ல வெக்கமா இருந்தது. அதால உன்ர பைக்குள்ள…"

தவமலர் பழைய விண்ணப்பத்தை அவர் கையிலேயே வைத்து, விரல்களை மடித்து மூடிவிட்டு, பலகையில் ஏறினாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

லோஞ்ச் மழைக்குள் மறைந்த பிறகும் அவர் நின்றார். பிறகு கந்தோருக்கு நடந்தார்.

நிர்வாக உத்தியோகத்தர் ஆனந்தராசா எழும்பி நின்று வரவேற்றார். இருபது வருஷத்துக்கு முன் தம்பிராசாவுக்குக் கீழே கடைசி மேசையில் இருந்தவர்; அந்த மரியாதை இன்னும் இருந்தது.

"இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிக்கிறியளே?"

"வேண்டாம். நான் ஒரு வாக்குமூலம் எழுத வேணும் தம்பி."

நீலக்கறைக் கடதாசியை மேசையில் வைத்தார். பதினொரு மாதக் கதையையும் சொன்னார். காபன் பெட்டி, ஆவணி மாதப் பைல், ஒன்றும் விடவில்லை. சொல்லச் சொல்ல ஆனந்தராசாவின் முகம் இருண்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதோ அண்ணை? முதல் மாசமே தெரியும். நானும் பேசாமல்தான் இருந்தனான். அந்தப் பாவம் எனக்கும்தான்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "ஆனா இப்ப நீங்கள் எழுதிறதுக்கு முன்னம் இதை வாசியுங்கோ."

தவமலரின் எழுத்து. வரிகள் மேலும் கீழும் போயின. இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தாள்.

"மேற்படி விண்ணப்பத்தைத் தொலைத்தவள் நானே. கந்தோர்க் கடதாசி எதையும் நான் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. என் தகப்பனாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் முப்பத்துநாலு வருஷம் சேவை செய்தவர். அவருடைய பெயரை இதில் எடுக்கவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தம்பிராசா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டு, கடைசி வரியைத் திரும்ப வாசித்தார். தொலைத்தவள் தானே என்று நம்பியவள், அப்போதும் அவரைத்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

"விளங்குதோ அண்ணை? நீங்கள் உண்மையை எழுதினால், துலைச்சது அவ இல்லை எண்டாகும். ஆனா வீட்டை கொண்டுபோகேல்லை எண்டு ஒப்பம் வைச்சுப் பொய் சொன்னவ எண்டும் ஆகும். அதுக்கு எச்சரிக்கைக் கடிதம் இல்லை, வேலை நீக்கம்தான். நீங்கள் எழுதாமல் விட்டால் வேலை தப்பும். துலைக்கிறவள் எண்ட பேர் அவவோட சாகுமட்டும் இருக்கும். இந்த விசயம் மேலிடத்துக்குப் போற தபால்பையை நாலு மணிக்குக் கட்டுறது. அதுக்குள்ள ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ."

வெள்ளைத் தாளையும் பேனையையும் அவர் பக்கம் தள்ளினார்.

தம்பிராசா பேனையை எடுத்தார். எத்தனையோ கடிதம் எழுதிய கை. மகளுக்காக வேலை கேட்டு எழுதிய கை, அவளுக்காக வேலை வேண்டாம் என்று எழுதிய கை. வேலை வேண்டுமா, பெயர் வேண்டுமா என்று இதையும் தானே எழுதி முடித்துவிடலாம். அவளுடைய நன்மைக்கு எது என்று அவருக்குத் தெரியாதா?

பேனையை வைத்துவிட்டார்.

"அவளைக் கேக்காமல் எழுத மாட்டன் தம்பி. மூண்டரை லோஞ்சில வந்திடுவாள். வரட்டும். கேட்டு எழுதுவம்."

ஆனந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு பியோன் வந்தான். மழைத்தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது.

"ஐயா, ஜெட்டியில செங்கொடி ஏத்தியாச்சு. போன லோஞ்ச் போய்ச் சேந்திட்டுதாம். கடல் சரியில்லை, இண்டைக்குத் திரும்பி வராது."

தவமலரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தம்பிராசாவுக்குத் தோன்றியதே இன்றைக்குத்தான். மணி ஒன்றரை.